தலையாட்டும் கார்

பெங்களூர் சிவாஜிநகரில் பழைய சாமான் வாங்கப் போகிறவர் தனக்கு வேண்டிய பொருளைக் கண்ணெடுத்தும் பார்க்கக் கூடாது. கடிகாரம் வேண்டுமென்றால் நாற்காலியைத் தட்டிப் பார்க்க வேண்டும். நாற்காலி வேண்டுமென்றால் கடிகாரத்துக்கு விலை கேட்க வேண்டும். கடைசியில், போகிற போக்கில், வேண்டியதைக் காலால் லேசாக நகர்த்தி, “இந்தக் குப்பைய என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். நாலு கடை தாண்டுவதற்குள் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால், கூப்பிடும்வரை நடையை மெதுவாக்கிக்கொள்ள வேண்டும். விஜி இதையெல்லாம் பால்பல் விழுவதற்கு முன்பே, அப்பாவின் கடையில் யாரோ விற்ற மெத்தைமேல் உட்கார்ந்து கற்றுக்கொண்டவள்.

அப்பாவும் இல்லை, கடையும் இல்லை. விஜி இப்போது சந்தாபுராவில் குடியிருக்கிறாள். எலக்ட்ரானிக் சிட்டியில் ஓர் ஆபீஸில் அடுத்தவர்கள் எழுதிய மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பது அவளுக்கு வேலை. நாள் முழுக்கத் தப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீடு வந்து சேரும்போது, குக்கர் மூடி சரியாக மூடவில்லை என்றால்கூட அதற்கு ஒரு நம்பர் போட்டு யாருக்காவது அனுப்பலாமா என்று தோன்றும். அந்த அளவுக்கு அலுப்பு.

இந்த அலுப்பு போதாதென்று விடுமுறை நாட்களில் அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது. எஸ்.பி. ரோட்டில் ஒரு கேபிள் கடைக்கு மேலே உள்ள அறையில் உமேஷ், ஷில்பா என்று சிலர் சேர்ந்து பழைய கம்ப்யூட்டர் கேம்களைச் சேகரித்தார்கள். ஒரு கேம் வெளிவந்த பிறகு அதைத் திருத்தித் திருத்தி விற்பார்கள். கடைசித் திருத்தம்தான் ஊரில் மிஞ்சும். முதலில் வந்த வடிவம் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் பூஞ்சை பிடித்துக் கிடக்கும். அந்த முதல் வடிவத்தைத் தேடிப்பிடித்து நகலெடுத்து வைப்பது இவர்கள் வேலை. எடுத்த நகலில் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது என்பது உமேஷின் சட்டம். “தப்பு இருந்தா தப்போடதான் இருக்கணும், குரு. திருத்தணும்னா நீ புதுசா ஒண்ணு செஞ்சுக்கோ,” என்பான். மற்றவர்களுக்கு மெஷின் தெரியும். விஜிக்குப் பேரம் தெரியும். அதனால் பொருளை வாங்கிவருவது அவள் பொறுப்பு.

பல வருஷமாக அவள் தேடிக்கொண்டிருந்தது ஒரு கார் பந்தய கேமின் முதல் வடிவத்தை. பெயர் ‘கன்டோன்மென்ட் ரேஸ்’. பெங்களூரிலேயே செய்தது. எப்போதோ மூடிப்போன ஒரு சின்னக் கம்பெனி விற்றது. எல்லாம் சாதாரணம்தான், ஆனால் அந்தக் கார் தலையாட்டும். நேரான ரோட்டில் போகும்போது பானெட் ஏறி ஏறி இறங்கும். பாதி வழியில் ரோட்டோரமாக ஒரு கல் தொட்டி வரும். கார் அங்கே போய் நின்று மூக்கைத் தாழ்த்தும். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து கிளம்பும். விளையாடியவர்களுக்கெல்லாம் அது ஒரு கேலி.

“பக் அது, விஜி. அந்தக் காலத்துல டெஸ்டிங் யாரு பண்ணாங்க?” என்பான் உமேஷ்.

“எந்த ஊர் காரு உமேஷ் தொட்டியில தண்ணி குடிக்கும்? அது மொதல்ல குதிரை. யாரோ மேல காரை ஒட்டியிருக்காங்க.”

“டிஸ்க் கொண்டு வா. கொண்டு வந்தா குதுரே. கொண்டு வராத வரைக்கும் காரு.”

அந்த டிஸ்க்தான் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருப்பதாகத் தெரியவந்தது. கேமின் முதல் திரையில் ஒரு மூலையில் டிரேவர் என்ற பெயர் மட்டும் இருந்தது. விஜி கன்டோன்மென்ட் பக்கத்துச் சர்ச்சுகளில் விசாரித்து அலைந்தாள். கடைசியில் கொயரில் பாடும் அலெக்சாண்டர் என்பவர், “அட, கம்ப்யூட்டர் டிரேவரா? அவன் போய்ச் சேந்து ரொம்ப நாளாச்சு. அக்கா மௌரீன் இருக்கா. வீட்ட அப்பார்ட்மென்ட்காரனுக்குக் குடுத்தாச்சு. மாசக் கடைசியில காலி பண்றா, சீக்கிரம் போ,” என்றார்.

விஜி போனாள்.

மௌரீன் எழுபதை நெருங்கியவர். ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை மகள் யூனிஸின் ஃப்ளாட்டுக்குப் போகப் போகிறார். அங்கே அவருக்கு ஒரு கட்டிலும் பூனைக்கு ஒரு மூலையும் மட்டும் ஒதுக்கியிருந்தார்கள்.

“வா மா. பாத்து உக்காரு, அந்த சேர்ல பூனை இருக்கும்.”

கூடத்தில் மேஜைமேல் பழைய கம்ப்யூட்டர். அதன்மேல் லேஸ் துணி, துணிமேல் மாதா சொரூபம். பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா. விஜி இரண்டையும் பார்க்காமல் நேராகப் பிரம்பு நாற்காலியிடம் போனாள்.

“இந்தச் சேர் குடுக்கறதா ஆன்ட்டி?”

“டாடியோடது. யூனிஸ் வேணவே வேணாம்னுட்டா. உனக்கு வேணுமா?”

“பிரம்பு தொங்கிப்போச்சே. பாக்கலாம். அந்தக் கடிகாரம் ஓடுதா?”

“அதுக்கு இஷ்டம் இருந்தா ஓடும்.”

இப்படியே சேர், கடிகாரம், தையல் மெஷின் என்று வீட்டைச் சுற்றி வந்து, கடைசியில் மேஜையருகே நின்று, “இதுல என்ன ஆன்ட்டி, பிஸ்கட்டா?” என்றாள்.

மௌரீன் சிரித்தார். “முப்பது வருஷத்துப் பிஸ்கட்டு! ஃப்ளாப்பி மா. என் தம்பியும் நானும் ஒரு கேம் செஞ்சோம். ப்ரோக்ராம் அவன், படம் நான். கிராஃப் ஷீட்ல கட்டம் கட்டமா கலர் அடிச்சுக் குடுப்பேன், அவன் அத மெஷின்ல ஏத்துவான். ஜட்கா வண்டி ரேஸ். அப்புறம் ஒரு கம்பெனிக்காரன் வந்தான். குதிரைய யாரு வாங்குவா, கார் போடுன்னான். டிரேவர் போட்டுக் குடுத்துட்டான். என் குதிரை இந்த டப்பாவுல நின்னுபோச்சு. வேற எங்கயும் இல்ல.”

விஜிக்கு உள்ளே பாண்டு வாத்தியம் முழங்கியது. ஆனால் முகம் மட்டும் அப்படியே இருந்தது. அப்பா அவளுக்கு விட்டுப்போன ஒரே சொத்து அந்த முகம்தான். டப்பாவைத் திறந்து, அட்டை உறையில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்த பூஞ்சையை விரலால் தொட்டு, அந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“என்ன ஆன்ட்டி, ஒரே பூஞ்சை. இத மெஷின்ல போட்டா மெஷினும் சேந்து போயிடும். யாரு தொடுவா இத?”

“அப்படியா?”

“கம்ப்யூட்டர பார்ட்ஸுக்கு எடுத்துக்கறேன். இதுவும் கூட வந்தா வரட்டும், போற வழியில எங்கயாவது போட்டுடறேன்.”

“குதிரை நல்லா இருக்கும் மா. நடக்கும்போது தலையாட்டும். டிரேவர்கூடச் சொல்லுவான்...”

“அந்தக் காலத்துப் படம் ஆன்ட்டி. கட்டம் கட்டமா என்ன இருக்கப்போவுது? இப்ப எல்.கே.ஜி. புள்ள போன்ல இதவிட நல்லா போடுது.”

அந்தக் கடைசி வாக்கியம் தேவையே இல்லை. பேரம் அதற்கு முன்பே படிந்துவிட்டது. ஆனால் சிவாஜிநகரில் கடைசியாக ஒரு தட்டு தட்டாமல் யாரும் எழுந்திருப்பதில்லை, கை தானாகவே தட்டிவிட்டது. மௌரீன் டப்பாவை மூடினார்.

அன்றைக்கே எடுத்துப்போயிருக்கலாம். அதையும் சிவாஜிநகர் ஒத்துக்கொள்ளாது. பார்த்த அன்றே தூக்கினால் பொருள்மேல் ஆசை என்று தெரிந்துவிடும். “சனிக்கிழமை ஆட்டோ கொண்டாறேன்,” என்று சொல்லிவிட்டு விஜி கேட்டை நோக்கி மெதுவாக நடந்தாள். ‘இந்தா மா, டப்பாவ இப்பவே எடுத்துட்டுப் போயிடேன்’ என்று கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தாள். கேட் கொக்கியை வேண்டுமென்றே இரண்டு தரம் போட்டு எடுத்தாள். பக்கத்து வீட்டுக் குக்கர் மட்டும் விசில் அடித்தது.

ரிச்சர்ட்ஸ் டவுனில் யாரும் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. அங்கே ஒரு பொருளைக் குப்பை என்று சொன்னால் அது குப்பை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். சொன்னவருக்குச் சங்கடம் கொடுத்துவிட்டோமே என்று வேறு வருந்துவார்கள். இது விஜிக்குத் தெரிந்திருக்க வேண்டும். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் நின்றபடி, நல்ல வியாபாரம் என்று தன்னையே மெச்சிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தாள்.

சனிக்கிழமை ஆட்டோவோடு போனபோது கம்ப்யூட்டர் துடைத்துப் பளபளவென்று, பழைய பெட்ஷீட்டில் கட்டித் தயாராக இருந்தது. பிரம்பு நாற்காலியும் வாசலுக்கு வந்திருந்தது. ஒரு பையில் ரோஸ் குக்கீஸ்.

“சேர சும்மாவே எடுத்துக்கோ மா. கேட்டியே அன்னிக்கு.”

“அந்த டப்பா ஆன்ட்டி?”

“குடுத்துட்டேன். நேத்து நம்ம பச்சைமுத்து வந்தான், தள்ளுவண்டிக்காரன். நீ பாவம், எவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றே. உன் கையில போய் குப்பைய குடுத்து, நீ அத வழியில நிறுத்தி வீசணுமா? எனக்கே வெக்கமா போச்சு.”

விஜி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பூனை கத்தியது. எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் தேடி, சர்ச் சர்ச்சாக ஏறி இறங்கி, கையில் தொட்டும் பார்த்துவிட்டு, கடைசியில் இப்படிக் கோட்டை விட்டாயிற்று. யார்மேல் கோபப்படுவது என்று யோசித்தாள். சுற்றிச் சுற்றி அவள்மேலேயே வந்து நின்றது. கோபப்படவும் தெம்பு இல்லை.

“என்ன மா, உடம்பு சரியில்லையா? தண்ணி குடிக்கிறியா?”

“ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. பச்சைமுத்து நம்பர் இருக்கா?”

பச்சைமுத்து போனில், “அக்கா, நான் எதையும் வீட்டுக்குக் கொண்டு போறதில்ல. நேத்தே ஃபாத்திமாக்கா கடையில எறக்கிட்டேன்,” என்றான்.

ஃபாத்திமா கடை சிவாஜிநகரில், ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் பின்னால். பெங்களூர்க்காரர்கள் குஜிரி என்று சொல்லும் காயலான் கடை. விஜி கம்ப்யூட்டரையும் நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவை நேராக அங்கே விடச் சொன்னாள். “மேடம், நாற்காலிக்கு ஒரு சீட்டு, டி.வி.க்கு ஒரு சீட்டு, நடுவுல நீங்க. எனக்கு எடம் இருக்கா?” என்று ஆட்டோக்காரர் வழிநெடுகப் புலம்பினார்.

ஃபாத்திமா ஒரு கதவில்லாத ஃப்ரிட்ஜைச் சாய்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். விஜியின் அப்பா கடைக்கு அடுத்த கடையில் வளர்ந்தவள்.

“க்யா விஜி, என்ன மூஞ்சி இது? உங்கப்பா இந்த மூஞ்சியப் பாத்திருந்தா கடைய மூடிட்டுக் காசிக்குப் போயிருப்பாரு. கல்லாவ தொறந்து வெச்ச மாதிரி எல்லாம் தெரியுது பாரு.”

“ஃபாத்திமாக்கா, பச்சைமுத்து நேத்து ஒரு பிஸ்கட் டப்பா போட்டானா?”

“டப்பா நல்ல டப்பா. பட்டன் கடைக்காரன் காலைலயே தூக்கிட்டான்.”

“உள்ள இருந்தது?”

“அந்தக் கறுப்பு அட்டையா? ப்ளாஸ்டிக் மூட்டைல போட்டாச்சு. லாரி வந்தா ஏறிடும். அதோ.”

அதோ என்று அவள் காட்டிய இடத்தில் ஆள் உயரத்துக்கு மூட்டைகள். விஜி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாள். உடைந்த பக்கெட், ரிமோட், ஷாம்பூ பாட்டில், கையில்லாத பொம்மை. அடுத்த மூட்டையில் யாரோ தயிர் டப்பாவைக் கழுவாமல் போட்டிருந்தார்கள். முட்டி வலித்தது. இந்த வயதில், இந்த வெயிலில், ஒரு குதிரைக்காக, எவனோ அடுக்கிய குப்பையை நோண்டிக்கொண்டு... அந்த நினைப்பை முடிக்காமல் அடுத்த மூட்டையை இழுத்தாள். ஃபாத்திமா கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். பிறகு தானும் இறங்கி வந்து பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

கடைசியில் ஃபாத்திமா கைக்குத்தான் கிடைத்தது. இரண்டு ஃப்ளாப்பி. ஒன்று மடங்கிப்போயிருந்தது. இன்னொன்றின்மேல் லேபிள் ஒட்டி, டைப்பிஸ்ட் கையெழுத்தில் அழகாக ‘குதிரை – நல்லது’ என்று எழுதியிருந்தது.

“இதானா? இதுக்கா இந்தப் பாடு?”

“இதான்க்கா. எவ்ளோ வேணும் சொல்லு, குடுத்துடறேன்.”

ஃபாத்திமாவின் முகம் சுருங்கிவிட்டது. “என்ன பேச்சு இது? குடுத்துடறேன்னா? என் கடைக்கு வந்து பேரம் பேசாம போவியா? நான் என்ன ஷாப்பிங் மாலா, ஏசி போட்டு ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருக்கேனா?”

“தெம்பு இல்லக்கா.”

“தெம்பு இல்லன்னா உக்காரு. நான் பேசறேன்.” ஃபாத்திமா மறுபடி ஃப்ரிட்ஜில் ஏறி உட்கார்ந்து வாய்கூசாமல் ஒரு விலை சொன்னாள். உடனே குரலை மாற்றி, விஜியாகி, “ஐயே, இந்தப் பூஞ்சைக்கா? தூக்கிப் போட்டா நாய்கூட மோந்து பாக்காது,” என்றாள். பாதியாகக் குறைத்தாள். “மடங்கிப்போன அட்டைக்கு யாரு தருவா இவ்ளோ?” என்று அதையும் பாதியாக்கினாள். எழுந்து நாலடி நடந்தாள், தன்னைத் தானே கூப்பிட்டுக்கொண்டாள், திரும்பி வந்தாள். “போ, வாய் வலிக்குது. ரெண்டு டீ சொல்லு, எடுத்துட்டுப் போ.”

விஜி டீ சொன்னாள். அவள் வாங்கிய பொருள்களில் அவள் வாயைத் திறக்காமல் இவ்வளவு சல்லிசாக முடிந்தது இது ஒன்றுதான்.

எஸ்.பி. ரோடு அறையில் ஷில்பா உறையை வெட்டி, உள்ளே இருந்த மெல்லிய வட்டத் தகட்டை வெளியே எடுத்து, சோப்புத் தண்ணீரில் குழந்தையைக் குளிப்பாட்டுவது போலக் கழுவி, உலர்த்தி, புது உறைக்குள் போட்டாள். பூஞ்சை பிடித்த தகடு சுற்றச் சுற்றத் தேயும், இரண்டாம் தரம் படிக்க முடியாமல் போகலாம் என்றாள். மடங்கியிருந்த ஃப்ளாப்பி ஒன்றுமே சொல்லவில்லை. லேபிள் ஒட்டியிருந்தது கரகரவென்று சுற்றியது. முக்கால்வாசி வந்தது. மீதி அழிந்துபோயிருந்தது.

வந்ததை ஓடவிட்டார்கள். அதே ரோடு, அதே வளைவு. அதன்மேல் கட்டம் கட்டமாக ஒரு பழுப்புக் குதிரை, பின்னால் ஜட்கா வண்டி. நேரான ரோட்டில் குதிரை தலையை ஆட்டி ஆட்டி ஓடியது. கல் தொட்டி வந்தது. குதிரை நின்றது, கழுத்தைத் தாழ்த்தியது, தண்ணீர் குடித்தது. நிமிரவில்லை. அதற்கு மேல் டிஸ்க்கில் ஒன்றும் இல்லை.

“குதுரே,” என்றான் உமேஷ். “ஆய்த்து, ஒத்துக்கறேன். குதுரேதான்.” பிறகு கீபோர்டை இழுத்து, முதல் வடிவம், முழுமையல்ல என்று பதிவு செய்யத் தொடங்கினான். “படம் யாரு போட்டதுன்னு எழுதணும், விஜி. பேரு கேட்டுட்டு வா.”

கேட்க வேண்டியதில்லை, பெயர் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போனாள்.

வீடு காலியாகியிருந்தது. மேஜை இருந்த இடத்தில் தரையில் அதன் நிழல் போல ஒரு வெளுப்பு. இரண்டு பேரும் அட்டைப் பெட்டிகள்மேல் உட்கார்ந்தார்கள். விஜி குதிரையை ஓடவிட்டாள். மௌரீன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார்.

“இது குப்பைல போச்சுன்னு நெனச்சேனே.”

“எடுத்துட்டு வந்துட்டோம் ஆன்ட்டி. இந்த மாதிரி குதிரை எங்ககிட்ட வேற எதுலயும் இல்ல. நடைய பாருங்க. ரொம்ப நல்லா இருக்கு.”

மௌரீன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எல்.கே.ஜி. புள்ள இதவிட நல்லா போடும்னியே.”

“அது வெல பேசறதுக்குச் சொன்னது ஆன்ட்டி. இதுக்காகத்தான் அன்னிக்கு வந்ததே. சேருக்கு இல்ல.”

“அப்ப நல்லா இருக்குன்னு இப்ப சொல்றது எதுக்கு?”

நன்றாக இருக்கிறது என்பதை எப்படிச் சொன்னால் நம்புவார்கள் என்று அப்பா கற்றுக்கொடுக்கவில்லை. அந்தக் கடையில் அதற்குத் தேவையே வந்ததில்லை. லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளி, எந்தப் பட்டனை அழுத்தினால் ஓடும் என்று காட்டிக்கொடுத்தாள். மௌரீன் அழுத்தினார். குதிரை தலையாட்டி ஓடியது. தொட்டியில் நின்று குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. மௌரீன் மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். அப்புறம் இன்னொரு தரம். பூனை வந்து திரையை மறைத்தபோது அதைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார்.

“பேர் போடணுமாம் ஆன்ட்டி. படம் யாருதுன்னு.”

“டிரேவர் பேர மேல போடு. அவன்தான் நடக்க வெச்சான். கீழ என்னுது.”

விஜி லேப்டாப்பை மூடிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். முட்டி இன்னும் வலித்தது. இன்னும் சந்தாபுரா வரைக்கும் போக வேண்டும். நடை தானாகவே மெதுவாகியது. கேட் கொக்கியில் கை வைத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“விஜி! கொஞ்சம் நில்லு மா.”

விஜி திரும்பினாள். மௌரீன் பூனையோடு வாசலில் நின்றார்.

“அந்தப் பின்னங்கால் எடது கால். அது தப்பா மடங்குது. அப்பவே தெரியும், டிரேவர் அவசரப்படுத்திட்டான். ஒரு நாலு கட்டம்தான். கிராஃப்ல போட்டுக் குடுத்தா மாத்திடுவியா?”

மாற்றிவிடலாம். ஷில்பா உட்கார்ந்தால் டீ குடிக்கிற நேரத்து வேலை. ‘சரி ஆன்ட்டி’ என்று சொல்லிவிட்டு மாற்றாமலேயே விட்டாலும் இவருக்குத் தெரியப்போவதில்லை. சிவாஜிநகரில் அப்படித்தான் சொல்வார்கள்.

“முடியாது ஆன்ட்டி. தப்போடதான் வைக்கணும். அதான் சட்டம்.”

மௌரீன் யோசித்தார். “நல்லா இருக்குன்னியே, அப்ப இந்தக் காலும் சேத்தா?”

“காலும் சேத்துத்தான்.”

“ம்,” என்றார் மௌரீன். “காலு நல்லா இல்ல. மீதிய வேணா நம்பறேன்.” பூனையை இறக்கிவிட்டு, “கேட்ட சரியா சாத்திட்டுப் போ, வெளிய ஓடிடும்,” என்றார்.

விஜி கொக்கியைப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.